கள்வனிடமே சாட்சி கேட்கும் களஞ்சியங்கள்

மென்பொருள் தரவிறக்கும் பக்கங்களின் அடியில், சிறிய எழுத்தில், பொருள் விளங்காத நீண்ட வரியொன்று இருப்பதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். இலக்கங்களும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துக்களும் கலந்து 32 இடங்களுக்கோ 64 இடங்களுக்கோ ஓடும் வரி அது. 'கோப்பைத் தரவிறக்கிய பின் இதனுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளவும்' என்று அருகில் ஒரு குறிப்பும் இருக்கும். வாகனத் தரிப்பிடங்களில் 'உங்கள் உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று மாட்டப்பட்டிருக்கும் பலகைக்கும் இந்தக் குறிப்புக்கும் பெரிய வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. எழுதிப் போட்டாயிற்று, இனி நட்டம் வந்தால் அது வந்தவனின் தலையெழுத்து!

கணினித்துறையினர் இந்த வரியை 'ஹாஷ்' என்றும் 'செக்சம்' என்றும் அழைப்பர். விரலடையாளம் என்று நான் எழுதுகிறேன். ஒரு கோப்பு முழுவதையும் ஒரு கணித வழிமுறைக்குள் செலுத்தினால் வெளிவரும் எண் அது. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். பழைய எம்.டி.5 முறையில் 32 இடங்கள், இன்று பரவலாக உள்ள எஸ்.எச்.ஏ-256 முறையில் 64 இடங்கள். கருவி நல்ல கருவிதான். அதில் எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. அதை எங்கே வைக்கிறார்கள், யாரிடம் ஒப்படைக்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

2016 பெப்ரவரி 20ஆம் திகதி லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையத்தளத்துக்குள் ஒருவர் புகுந்தார். 17.3 சினமன் பதிப்பைத் தரவிறக்கும் இணைப்பை மாற்றி, பல்கேரியாவில் இருந்த வேறொரு சேவையகத்தை நோக்கித் திருப்பிவிட்டார். அங்கே இருந்தது பின்கதவு பொருத்தப்பட்ட பிரதி. அன்று அத்தளத்துக்குச் சென்று அந்த இணைப்பை அழுத்தியவர்கள் முழு இயங்குதளத்தையுமே திருடனின் கையிலிருந்து வாங்கிச் சென்றார்கள். தாக்கியவர் தானே என்று உரிமை கோரிய ஒருவர் பின்னர் ஒரு செய்தித் தளத்திடம் பேசியபோது, பக்கத்திலிருந்த விரலடையாளத்தையும் தான் மாற்றிவிட்டதாகச் சொன்னார். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்ற ஏளனமும் அந்தப் பேச்சில் இருந்தது. அவருடைய கூற்றை நம்புவதும் நம்பாததும் ஒருபுறம் இருக்கட்டும். இணைப்பை மாற்ற முடிந்தவரால் அதற்கு அடுத்த வரியில் உள்ள எண்ணை மாற்ற முடியாதா? கோப்பும் அதன் சாட்சியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், கூரையைப் பிரித்து இறங்கியவனுக்கு இரண்டும் ஒரே வேலைதான்.

பத்திரிகைத் தொழிலில் முதல் மாதத்திலேயே செய்தி ஆசிரியர் கற்றுத்தரும் பாடம் ஒன்று உண்டு. அமைச்சரின் அறிக்கையை அமைச்சரின் ஊடகச் செயலாளரிடம் கேட்டு உறுதிப்படுத்துவது உறுதிப்படுத்தல் ஆகாது. இரண்டாவது தகவல்மூலம் முதலாவதிலிருந்து விலகி நிற்க வேண்டும். இந்த அரிச்சுவடியை உலகின் மிகப் பெரிய மென்பொருள் களஞ்சியங்கள் பல இன்னமும் கடைப்பிடிப்பதில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

விலகி நிற்கும் சாட்சி என்ன செய்யும் என்பதற்கு இருபது வருடங்களுக்கு மேற்பட்ட ஓர் உதாரணம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், ஓப்பன்-பி.எஸ்.டி. திட்டத்தின் தரவிறக்கச் சேவையகத்தில் இருந்த ஓப்பன்-எஸ்.எஸ்.எச். மென்பொருளின் மூலநிரல் பொதியை எவரோ மாற்றி வைத்தார்கள். தொலைவிலுள்ள கணினிகளுக்குள் பாதுகாப்பாக நுழைய உலகெங்கும் நிர்வாகிகள் நம்பியிருந்த மென்பொருள் அது. பூட்டுச் செய்பவனின் பட்டறையிலேயே கள்ளச் சாவி வார்க்கப்பட்டது போல. மாற்றப்பட்ட பொதியை ஒருவர் தன் கணினியில் தொகுக்கத் தொடங்கியதும் அதனுள் இருந்த சிறு நிரல் வெளியிலுள்ள ஒரு கணினியுடன் தொடர்புகொண்டு கட்டளைக்குக் காத்திருந்தது. தலைமைச் சேவையகத்திலிருந்து நகல் எடுக்கும் தளங்களுக்கும் அது பரவியது.

அதைப் பிடித்தது எது? உயர்ந்த வைரஸ் தடுப்பு மென்பொருளோ புலனாய்வுப் பிரிவோ அல்ல. ஃபிரீ-பி.எஸ்.டி. என்ற இன்னொரு திட்டம், ஆயிரக்கணக்கான மென்பொருள்களுக்குச் சமையற் குறிப்புப் போன்ற கோப்புகளை வைத்திருக்கிறது. இன்ன பொதியை இன்ன இடத்திலிருந்து எடு, அதன் விரலடையாளம் இன்னதாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். முதன்முதலாக அப்பொதி வந்தபோது குறித்து வைத்த எண் அது, ஃபிரீ-பி.எஸ்.டி.யின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்தது. ஓப்பன்-பி.எஸ்.டி.யின் சேவையகத்துக்குள் புகுந்தவரின் கை அங்கே எட்டவில்லை. பயனர்களின் கணினிகள் தாமாகவே ஒப்பிட்டன. எண் பொருந்தவில்லை என்று சொல்லி வேலையை நிறுத்தின. ஓரிரு நாட்களுக்குள், ஓகஸ்ட் 1ஆம் திகதி, கள்ளப் பொதி அகற்றப்பட்டது.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். சாட்சி வேறு வீட்டில் இருந்தது. ஒப்பிடும் வேலையை மனிதனிடம் விடாமல் இயந்திரமே செய்தது.

அதே ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதியளவில் செண்ட்மெயில் 8.12.6 பொதிக்கும் இதே கதி நேர்ந்தது. உலகின் மின்னஞ்சலில் பெரும்பகுதியைக் கொண்டு சென்ற மென்பொருள் செண்ட்மெயில். அதன் பொதிகளுக்கு இலத்திரனியல் கையொப்பமும் இருந்தது. விரலடையாளத்தைவிட ஒரு படி மேலான ஏற்பாடு அது. தயாரிப்பாளர் தன்னிடம் மட்டுமே உள்ள இரகசியச் சாவியால் ஒப்பமிடுவார், எவரும் அவருடைய பொதுச் சாவியால் அதைச் சோதிக்கலாம். கள்ளப் பொதியை வைத்தவரால் அந்தக் கையொப்பத்தைப் போலியாகப் போட முடியவில்லை. சோதித்திருந்தால் உடனே பிழைத்திருக்கும். எனினும் ஒக்டோபர் 6ஆம் திகதி வரை அந்தப் பொதி தரவிறக்கத்துக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. கையொப்பம் இருந்தது, சோதிப்பது தனி மனிதரின் விருப்பமாக விடப்பட்டிருந்தது. ஆகவே ஒரு வாரத்துக்கும் மேல்.

அன்ரியல்-ஐ.ஆர்.சி.டி. என்ற உரையாடற் சேவையக மென்பொருளின் கதை இன்னும் கேவலமானது. அதன் 3.2.8.1 பதிப்பின் பொதி 2009 நவம்பரில் நகல் தளங்களில் மாற்றப்பட்டது. கண்டுபிடிக்கப்பட்டது 2010 ஜூனில். ஏழு மாதங்கள்! அக்காலத்தில் அவர்கள் கையொப்பமிடுவதையே கைவிட்டிருந்தார்கள். சம்பவத்துக்குப் பின் வெளியிட்ட அறிவிப்பில், இனிக் கையொப்பமிடுவோம், சோதிப்பவர்கள் மிகச் சொற்பம் என்றாலும் அந்தச் சிலருக்காவது பயன்படும் என்ற கருத்தில் எழுதினார்கள். நேர்மையான வாக்குமூலம்தான். ஆனால் சோதிப்பவர் சொற்பம் என்று தெரிந்த பின்னும் சோதனையைப் பயனரின் தலையிலேயே கட்டுவதை நான் தீர்வு என்று ஏற்கமாட்டேன்.

நகல் தளங்கள் என்று சொன்னேன். பெரிய களஞ்சியங்கள் தம் பொதிகளை நாடு நாடாகப் பிறர் நடத்தும் சேவையகங்களில் வைத்துப் பங்கிடுகின்றன. பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் இலவசமாகச் செய்யும் தொண்டு அது. மதிக்க வேண்டியதுதான். ஆனால் 2012 செப்டெம்பரில் சோர்ஸ்போர்ஜ் களஞ்சியத்தின் கொரிய நகல் தளம் ஒன்றில் பி.எச்.பி.-மை-அட்மின் மென்பொருளின் பொதிக்குள் பின்கதவு நுழைக்கப்பட்டபோது, ஏறத்தாழ 400 பேர் அதைத் தரவிறக்கியிருந்ததாக அக்களஞ்சியமே கணக்கிட்டது. தரவுத்தளங்களை நிர்வகிக்கும் மென்பொருள் அது. 400 பேர் என்பது 400 கணினிகளோடு முடியும் கணக்கல்ல, அந்தத் தளங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை பேரின் பதிவுகள் இருந்தனவோ அத்தனை பேர். பொத்தானை அழுத்திய பயனருக்கு எந்த நாட்டு நகலிலிருந்து கோப்பு வருகிறது என்ற எண்ணமே எழுந்திருக்காது.

இவற்றைச் சொன்னால் கணினித்துறை அன்பர்கள் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள். "எண்ணைப் போட்டிருக்கிறோமே, பயனர்கள் பார்த்திருக்க வேண்டும்." இந்தப் பதில்தான் எனக்கு ஆத்திரம் ஊட்டுவது. விண்டோஸ் பாவிப்பவர் ஒருவர் விரலடையாளத்தைக் கணக்கிட வேண்டுமானால் கறுப்புத் திரையைத் திறந்து 'செர்ட்யூட்டில்' என்ற கட்டளையைத் தட்ட வேண்டும். எந்த முறையிலான எண் என்றும் குறிப்பிட வேண்டும், இல்லையேல் அது பழைய எஸ்.எச்.ஏ-1 எண்ணைத் தரும். பிறகு 64 இடங்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். அச்சுக்கூடத்தில் ஒப்புநோக்குபவர்களுடன் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பொருளற்ற எழுத்து வரிசையை மனிதக் கண் ஒப்பிடாது. முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்துவிட்டுத் தலையாட்டும். வங்கியில் காசோலையின் கையொப்பத்தை வாடிக்கையாளரே பெட்டகத்துக்குள் போய் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று எந்த முகாமையாளராவது சொல்வாரா?

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று எவரும் சொல்ல இயலாது. 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பிலேயே இது சாதாரணப் பயனரின் கைக்கு வந்துவிட்டது. அதன் ஏற்பாடு எளிமையானது. களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு பொதியின் விரலடையாளமும் ஒரு பட்டியலில் இருக்கும். அப்பட்டியலின் விரலடையாளம் ஒரு தலைமைக் கோப்பில் இருக்கும். அந்தத் தலைமைக் கோப்புக்குக் கையொப்பம். சோதிக்கும் பொதுச் சாவி இயங்குதளத்தோடு ஏற்கனவே பயனரின் கணினிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு எந்த நாட்டின் எந்த நகல் தளத்திலிருந்து பொதி வந்தாலும் கவலையில்லை. பொருந்தாவிட்டால் கணினி எச்சரித்து நிற்கும். அந்த 64 எழுத்துக்களைத் தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் பார்த்திராத ஒருவரும் இவ்வாறு பாதுகாக்கப்படுகிறார். 2019இல் கோ நிரல்மொழியினர் இன்னொரு படி சென்றார்கள். ஒரு பொதி முதன்முதலாகக் காணப்படும்போதே அதன் விரலடையாளம் பொதுப் பேரேடு ஒன்றில் பதியப்படுகிறது. பிறகு தயாரிப்பாளரே இரகசியமாக மாற்ற முயன்றாலும் பேரேட்டோடு முரண்படும். செய்ய முடியாது என்பதல்ல, செய்ய மனமில்லை.

கையொப்பம் இடுகிறோம் என்று மார்தட்டும் தளங்கள் சிலவற்றிலும் பழைய நோய்தான். சோதிக்க வேண்டிய பொதுச் சாவியை எங்கே தருகிறார்கள் என்று பாருங்கள். அதே பக்கத்தில், கோப்புக்கு இரண்டு வரி கீழே! யாருடைய பெயரிலும் எவரும் ஒரு சாவியை உருவாக்கலாம் என்பதை இவர்கள் அறியாதவர்களா? திருடன் தன் சாவியை அங்கே வைத்து, தன் கையொப்பத்தையும் இட்டுவிட்டால், மிகக் கவனமாகச் சோதிக்கும் பயனருக்கும் 'சரியான கையொப்பம்' என்றே பதில் வரும். சோதிக்காதவரைவிட இவருக்கு ஏமாற்றம் பெரிது, ஏனெனில் இவர் நிம்மதியாகத் தூங்குவார்.

எம்.டி.5 எண்ணை மட்டும் போட்டுவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதும் தளங்களும் உண்டு. வெவ்வேறான இரு கோப்புகளுக்கு ஒரே எம்.டி.5 எண் வரச் செய்யலாம் என்று சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டியது 2004இல். அதே பலவீனத்தைப் பயன்படுத்தித்தான் 2012இல் அம்பலமான ஃபிளேம் என்ற உளவு நிரல், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் கையொப்பம் பெற்றது போல் வேடமிட்டது. எஸ்.எச்.ஏ-1 முறைக்கும் 2017இல் கூகிளும் அம்ஸ்ரடாம் ஆய்வு நிலையம் ஒன்றும் சேர்ந்து முடிவுரை எழுதின. ஏற்கனவே உள்ள ஒரு கோப்புக்குப் பொருந்தும்படி இன்னொன்றைத் தயாரிப்பது எம்.டி.5இலும் இன்னும் எளிதல்ல என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் தகுந்த முறை இலவசமாகக் கையிலிருக்கும்போது உடைந்த தராசை ஏன் கடை வாசலில் வைத்திருக்க வேண்டும்?

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். 2024 மார்ச் 29ஆம் திகதி, மைக்ரோசொப்டில் பணிபுரியும் அன்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொறியியலாளர் வெளியிட்ட அறிவிப்பு உலகையே உலுக்கியது. எக்ஸ்.இசட். என்ற, ஏறக்குறைய எல்லா லினக்ஸ் இயங்குதளங்களிலும் உள்ள கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருந்தது. தன் கணினியில் எஸ்.எஸ்.எச். நுழைவு வழமையைவிட அரை விநாடியளவு தாமதிக்கிறதே என்று துருவியவரின் கண்ணில் அது பட்டது. அதை வைத்தவர் வெளியிலிருந்து சுவரேறிக் குதித்தவரல்லர். 'ஜியா டான்' என்ற பெயரில் 2021 முதல் அத்திட்டத்துக்கு உழைத்து, களைத்துப்போயிருந்த தனி மனிதப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையே கையில் வாங்கியவர். பொதிகளில் அவருடைய சொந்தக் கையொப்பம் இருந்தது. விரலடையாளம் பொருந்தியது, கையொப்பமும் பொருந்தியது. அதற்கு முன்னர் 2017இல் சீகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பிலும் தீநிரல் நிறுவனத்தின் முறையான கையொப்பத்தோடே வெளிவந்து, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அடைந்தது. 'பார்த்தீர்களா, சரிபார்ப்பதெல்லாம் வீண்' என்கிறார்கள்.

இது சோம்பேறிகளின் தர்க்கம். கையொப்பம் சொல்வது யார் தந்தார் என்பதை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அது ஒருபோதும் சொன்னதில்லை, சொல்வதாக வாக்களித்ததும் இல்லை. உறுதிச் சாற்றுதல் செய்த நொத்தாரிசு, காணிக்குள் பாம்பு இல்லை என்று எழுதிக்கொடுப்பதில்லை. அதற்காக உறுதியே இல்லாமல் காணி வாங்குவீர்களா?

அதைவிட முக்கியமான ஒன்றை இவர்கள் மறைக்கிறார்கள். எக்ஸ்.இசட். பின்கதவை இயக்கிவிடும் சிறு துண்டு, எல்லாரும் பார்க்கக்கூடிய திறந்த மூலநிரல் களஞ்சியத்தில் இருக்கவில்லை. பங்கிடப்பட்ட வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. அதாவது உலகுக்குக் காட்டப்பட்ட நூல் ஒன்று, கடையில் விற்கப்பட்ட நூல் இன்னொன்று. இரண்டையும் எவராவது இயந்திரத்தால் ஒப்பிட்டிருந்தால் அந்தத் துண்டு வெளிப்பட்டிருக்கும். ஆகவே அச்சம்பவம் சரிபார்ப்புக்கு எதிரான சான்றல்ல, சரிபார்ப்பு ஒரு படி முன்னமே நின்றுவிட்டது என்பதற்கான சான்று. மூலநிரலிலிருந்து எவர் தொகுத்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒரே கோப்பு வர வேண்டும், சுயாதீனமான பலர் தொகுத்து ஒப்பிட வேண்டும் என்று டெபியன் அன்பர்கள் 2013 முதல் உழைத்து வருகிறார்கள். அந்த வேலைக்கு ஆளும் பணமும் கொடுக்காத பெரிய நிறுவனங்களே, அரைவிநாடித் தாமதம் ஒன்று உலகைக் காப்பாற்றிய பிறகு அதிர்ச்சி தெரிவித்தன.

தமிழர்களாகிய நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். இணையத்தில் தமிழ் வாசிக்க ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு, தமிழில் எழுத ஒரு விசைப்பலகை மென்பொருள். பாமினி ஓரிடம், திஸ்கி ஓரிடம். எங்கிருந்தோ வந்த கோப்பை இறக்கு, நிறுவு, வாசி. முகம் தெரியாதவர் தரும் மென்பொருளைக் கேள்வியின்றி நிறுவும் பழக்கத்தைத் தமிழ்ப்பற்றின் பெயரால் ஒரு தலைமுறைக்கே ஊட்டினோம். அந்தக் கோப்புகளில் ஒன்றுக்கேனும் விரலடையாளம் வெளியிட்டிருந்ததை நான் கண்டதில்லை. ஒருங்குறி வந்து எழுத்துருச் சிக்கல் தீர்ந்தது, பழக்கம் தீரவில்லை. இன்று அதே கோப்புகள் வட்ஸ்அப் குழுக்களிலும் கோப்புப் பகிர்வுத் தளங்களிலும் கைமாறுகின்றன.

அந்தப் பழக்கத்தின் விலை என்னவென்று ஈரானியரும் சிரியரும் அறிவார்கள். தணிக்கையை மீறி இணையத்துக்குச் செல்ல ஈரானியர் பாவித்த சிமுர்க் என்ற மென்பொருளின் கள்ளப் பிரதியொன்று கோப்புப் பகிர்வுத் தளத்தில் உலவுவதை, தொரன்ரோ பல்கலைக்கழகத்தின் சிற்றிசன் லாப் 2012 மே மாதம் வெளிப்படுத்தியது. அது பயனர் விசைப்பலகையில் தட்டியவற்றைப் பதிவுசெய்து வெளியே அனுப்பியது. அரசுக்கு அஞ்சி ஒளிந்து எழுதியவர்களைத் தேடிப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி வேண்டுமா? செய்தி தந்தவரின் பெயரை உயிர்போனாலும் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட தொழில் எங்களுடையது. அந்தப் பெயர் இன்று இருப்பது குறிப்புப் புத்தகத்தில் அல்ல, மடிக்கணினியில். இந்நாட்டில் ஊடகவியலாளருக்கு நேர்ந்தவற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

தமிழ் மென்பொருள்களை இலவசமாக ஆக்கித் தரும் அன்பர்களிடம் குறிப்பாகக் கேட்கிறேன். பொதி ஒரு சேவையகத்தில் இருந்தால் விரலடையாளத்தை வேறொரு நிறுவனத்தின் சேவையகத்தில், வேறொரு கடவுச்சொல்லின் கீழ் வெளியிடுங்கள். எஸ்.எச்.ஏ-256 எண்ணாக வெளியிடுங்கள். புதிய பதிப்புக்குத் தானாக மாறும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால், கையொப்பத்தைச் சோதிக்காமல் எதையும் நிறுவாதபடி அதை எழுதுங்கள். சாவியை முதற் பதிப்போடே அனுப்பிவிடுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவாகாது, ஒரு மாலைநேரம் போதும். அதுவரை உங்கள் தரவிறக்கப் பக்கத்தின் அடியிலிருக்கும் அந்த 'ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளவும்' என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.